தைராய்டுக்குக் கோடு போடலாமா?

கேள்வி: மெடிக்கல் கோடிங் பயிற்சியில் இருக்கிறேன். அமெரிக்காவில் ஒரு டாக்டரிடம் வழக்கமாகப் பார்க்கும் பெண்மணியின் சார்ட் இது. 'டைப் 2 சர்க்கரை, அன்கன்ட்ரோல்டு' என்று எழுதி மெட்ஃபார்மினைக் கூட்டியிருக்கிறார். பிரஷர் கட்டுக்குள். 'அசதி, தைராய்டாக இருக்கலாம்' என்று ரத்தப் பரிசோதனை. இந்த விசிட்டுக்கு 99213-ஆ, 99214-ஆ? தைராய்டுக்கும் கோடு உண்டா?
– வாசகி, கோவை

பதில்: 99214. 2021 ஜனவரி முதல் ஆபீஸ் விசிட்டின் நிலையை, டாக்டர் எடுத்த மருத்துவ முடிவின் கனத்தையோ அன்று அவர் செலவிட்ட மொத்த நேரத்தையோ வைத்துத்தான் போடுகிறோம். நோயின் தன்மை, பார்த்த தகவல்கள், ரிஸ்க் என்ற மூன்றில் இரண்டு தேறினால் போதும். கட்டுக்குள் வராத நாள்பட்ட நோய் மாடரேட். மருந்தின் அளவை மாற்றியதும் மாடரேட். இரண்டு தேறிவிட்டதால் விசிட்டும் மாடரேட், அதாவது 99214. அதோடு முடிந்தது.

தைராய்டுக்குப் போடவே போடாதீர்கள். வெளிநோயாளிக்கு 'இருக்கலாம்', 'சந்தேகம்' என்பதை நோயாகக் கோடு செய்யக் கூடாது. நோய்க் கோடுகளுக்கான ஐசிடி-10-சிஎம் விதியே அதுதான். அசதிக்கு ஆர்53.83 போடுங்கள். மீறிப் போட்டால், ரிசல்ட் நார்மலாக வந்த பின்னும் இல்லாத நோய் அவர் ரெக்கார்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். எங்கோ உட்கார்ந்து நாம் தட்டும் ஓர் எண் அவரைத் துரத்தக் கூடாது.

பிரஷருக்கு ஐ10. சர்க்கரையில்தான் பலர் வழுக்குகிறார்கள். 'அன்கன்ட்ரோல்டு' என்றால் கூடியதா, குறைந்ததா? கூடியது என்றால் இ11.65. மெட்ஃபார்மினைக் கூட்டியதைப் பார்த்து நீங்களாக முடிவு செய்யாமல், டாக்டருக்கு க்வெரி அனுப்பி எழுத்தில் வாங்குங்கள்.