“தெரியாது” என்றால் எந்த வழி?

ஒருவரிடம், “வேலை பார்க்கிறீர்களா?” என்று கேட்கிறோம். “இல்லை” என்கிறார். உடனே, “வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை?” என்று கேட்டால் நகைப்புக்கு இடமாகும் அல்லவா? கிடைத்த விடையைக் கொண்டே அடுத்த கேள்வியை முடிவு செய்ய வேண்டும்.

அச்சிட்ட வினாத்தாளில், “இல்லை எனில் 9-ஆம் கேள்விக்குச் செல்க” என்பது போன்ற குறிப்புகள் இருக்கும். கேள்விகள் பெருகினால் கணக்கெடுப்பவர் வழி தவறுவது எளிது. இப்பொறுப்பைக் கணிப்பொறியிடம் ஒப்படைக்க, நெதர்லாந்துப் புள்ளியியல் நிறுவனம் 1986-இல் ‘பிளேஸ்’ என்னும் மொழியை வெளியிட்டது. பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கலின் பெயர் அது. 1987-இல் அந்நாட்டுத் தொழிலாளர் கணக்கெடுப்புக்குப் பணியாளர்கள் சிறு கணிப்பொறிகளை வீடுகளுக்கே எடுத்துச் சென்றனர்.

அம்மொழியின் ஆணைகளைத் தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்:

வேலை = உண்டு எனில்
மணிநேரத்தைக் கேள்
இல்லாவிடில்
வேலை தேடுகிறாரா எனக் கேள்
முடிவு

முன்பு சொன்ன விடையை ஒருவர் திருத்தினால், கணிப்பொறி நிபந்தனையை மறுபடியும் சோதித்து வழியை மாற்றிக்கொள்ளும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. வீட்டில் இல்லாத அண்ணனைப் பற்றித் தம்பியிடம் கேட்கிறோம். “அவருக்கு வேலை உண்டா?” “தெரியாது.” இது ‘உண்டு’ அன்று, எனவே நிபந்தனை நிறைவேறவில்லை. கணிப்பொறி ‘இல்லாவிடில்’ என்ற வழியில் சென்று, “வேலை தேடுகிறாரா?” என்று கேட்கும். “ஆம், விண்ணப்பங்கள் அனுப்புகிறார்” என்கிறான் தம்பி. அண்ணன் வேலையற்றோர் பட்டியலில் சேர்ந்துவிடுவார்! உண்மையில் அவர் ஒரு வேலையில் இருந்துகொண்டே அதைவிட நல்ல வேலையைத் தேடுபவராக இருக்கலாம். இத்தகைய பிழை பல வீடுகளில் நேர்ந்தால், நாட்டின் வேலையின்மைக் கணக்கே பொய்த்துவிடும்.

இதைத் தவிர்ப்பது எப்படி? விடை என்ன என்று பார்க்குமுன், விடை கிடைத்ததா என்று பார்க்க வேண்டும். பிளேஸ் மொழியில் ‘விடை உண்டு’, ‘தெரியாது’, ‘சொல்ல மறுப்பு’ ஆகியவற்றைப் பிரித்தறியத் தனித்தனிச் சொற்கள் உள்ளன. முதலில் அவற்றைச் சோதித்த பின்னரே ‘உண்டா, இல்லையா’ என்று கிளை பிரிக்கலாம். தெரியாதது வேறு, இல்லாதது வேறு.

செய்து பாருங்கள்: “வீட்டில் மிதிவண்டி உண்டா?” “யார் ஓட்டுகிறார்?” “வாங்க எண்ணம் உண்டா?” இம்மூன்று கேள்விகளுக்கும் கிளைப்படம் வரையுங்கள். “தெரியாது” என்பவருக்கும் ஒரு வழி விட மறவாதீர்கள்!