கட்டிட நிறுவனங்களில் அனுபவ அறிவைப் பேணும் முறை

அணையோ, பாலமோ, மருத்துவமனையோ கட்டி முடிந்ததும், பொறியாளர் ஓரிடத்துக்கும், மேஸ்திரி மற்றோரிடத்துக்கும், கொத்தனாரும் கம்பி வேலையாளரும் வேறிடங்களுக்கும் பிரிந்து செல்கின்றனர். கட்டிடம் நிலைத்து நிற்கிறது. அதைக் கட்டியபோது பெற்ற அனுபவமோ கலைந்து போகிறது. அடுத்த வேலையில் அதே இடர்ப்பாடு தோன்றினால், முன்பு செலவான காலமும் பொருளும் மீண்டும் செலவாகின்றன. இந்நஷ்டத்தைத் தடுக்கும் ஏற்பாடே அறிவு மேலாண்மை முறை எனப்படுகிறது.

இருவகை அறிவு

கட்டிட வேலைக்குரிய அறிவு இருவகைப்படும். வரைபடம், அளவுப் புத்தகம், சோதனை அறிக்கை முதலியவற்றில் எழுதப்பட்டிருப்பது ஒருவகை. கலவையைக் கரண்டியால் புரட்டிய மாத்திரத்தில் நீர் மிகுந்துள்ளதை அறியும் மேஸ்திரியின் தேர்ச்சி மற்றொரு வகை. முன்னதை ஒழுங்குபடுத்தி வைத்தல் போதும். பின்னதை உடனிருந்து பழகியும், கேட்டு எழுதியும் பெறவேண்டும். அவர் ஓய்வுபெற்றுச் சென்றபின் தேடினால் அது கிடைப்பது அரிது.

கரிசல் மண் தரும் சான்று

தக்காணத்திலும் மத்திய இந்தியாவிலும் பரந்துள்ள கரிசல் மண்ணில் மாண்ட்மோரில்லனைட் என்னும் களிமண் கனியம் மிகுந்துள்ளது. ஆதலால் அம்மண் மழையில் உப்பும். கோடையில் சுருங்கிப் பிளக்கும். அதன்மேல் ஆழமற்ற அடித்தளமிட்டு எழுப்பிய சுவர்களில் விரிசல் காண்பது வழக்கம். 1947-இல் தோன்றிய ரூர்க்கி மத்தியக் கட்டிட ஆராய்ச்சி நிலையம் இதற்கேற்ற ஒரு முறையை வகுத்தளித்தது. பருவந்தோறும் நேரும் ஈர மாறுதல் எட்டாத ஆழம்வரை துளையிட்டு, அடிப்பகுதியைக் குமிழ்போல் அகலப்படுத்தி, கம்பி இறக்கிக் கான்கிரீட் நிரப்புவதே அம்முறையாகும். இத்தூண் 'அண்டர்-ரீம்டு பைல்' எனப்படும். குமிழின் விட்டம் பொதுவாகத் தண்டின் விட்டத்தைப்போல் 2.5 மடங்கு ஆகும். ஆழ்ந்த கரிசலில் தூணின் நீளம் 3.5 மீட்டருக்குக் குறைதல் கூடாது. மண் உப்பி மேலே தள்ளினும், குமிழ் நங்கூரம்போல் பற்றி நிற்கும்.

இவ்வறிவு ஆராய்ச்சி நிலையத்திலேயே தங்கிவிடவில்லை. ஐ.எஸ். 2911 என்னும் இந்தியத் தரவிதியின் மூன்றாம் பகுதியாக வெளிவந்து, 1980-இல் திருத்தமும் பெற்றது. ரூர்க்கியைக் கண்டிராத பொறியாளரும் இதனால் அம்முறையைக் கையாள முடிகிறது.

நிறுவனத்தின் கடமை

தரவிதி பொதுவானது. குறிப்பிட்ட இடத்தில் எந்த ஆழத்தில் ஊற்று எழுந்தது, எதனால் துளையின் பக்கம் சரிந்தது என்பவற்றை அங்கு வேலை செய்தோரே அறிவர். அதை எழுதுகையில் எண்ணியது யாது, நிகழ்ந்தது யாது, காரணம் யாது, இனிச் செய்யத்தக்கது யாது என்னும் நான்கு வினாக்களுக்கு விடையிருத்தல் வேண்டும். தேர்ந்தவர் ஒருவர் அதைச் சரிபார்த்தபின், மண், பொருள், வேலை என்னும் தலைப்புகளில் அடுக்கவேண்டும். ஒப்பந்தத்தின் பெயரால் அடுக்கினால் அடுத்தவர்க்குக் கிட்டாது. இன்று கணிப்பொறியும் கைப்பேசியும் இவ்வேலையை எளிதாக்கியுள்ளன. எனினும் இடமும் நாளும் காரணமும் குறிக்கப்படாத ஆயிரம் புகைப்படங்களைவிட நான்கு வரிக் குறிப்பே பயன் தரும்.

எச்சரிக்கை இரண்டு

முதலாவது, பழைய ஏடு. ஐ.எஸ். 456 தரவிதியில் 1978-இல் கம்பியிட்ட கான்கிரீட்டுக்குக் குறைந்த தரமாக எம் 15 அனுமதிக்கப்பட்டிருந்தது. 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அது எம் 20 ஆக உயர்ந்தது. வேலையிடத்தில் பழைய பிரதியே கிடந்தால், சேமித்த அறிவே தீங்காய் முடியும். ஆகவே நீக்கப்பட்டவற்றை உடனே அகற்றுதலும் இம்முறையின் பகுதியே.

இரண்டாவது, அச்சம். பிழையை எழுதியவருக்குத் தண்டனை கிடைக்குமாயின், பின்னர் எவரும் எழுதமாட்டார். வெற்றிகள் மட்டுமே நிறைந்த ஏடு விளம்பரமாகலாம்; பாடமாகாது.

இக்கருத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், அருகில் நடைபெறும் ஒரு கட்டிட வேலையை மாணவர்க்குக் காட்டி, மேற்சொன்ன நான்கு வினாக்களுக்கு மேஸ்திரியிடம் விடை கேட்டு எழுதச் செய்யலாம். களப்பணியாளர் ஒவ்வொரு வேலையின் முடிவிலும் இதனைச் செய்து வருதல் நலம். அடுத்த அடித்தளத்தைத் தோண்டுவோர்க்கு அக்குறிப்பே முதற்கருவியாகும்.