மேகத்தைவிடப் பெரிய கட்டம்

கேள்வி: புயல் எங்கே கரை கடக்கும் என்று முன்கூட்டியே சொல்கிறார்கள். கோடை இடிமழையை மட்டும் ஏன் ஊர் பெயர் சொல்லிக் கணிக்க முடிவதில்லை?

பதில்: அளவுதான் காரணம். புயல் பல நூறு கிலோமீட்டர் அகலம். இடிமழைக்கு வித்தான திரள்மேகம் ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான். வானிலையைக் கணிக்கும் கணினி மாதிரி வளிமண்டலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரே வெப்பநிலை, ஒரே ஈரப்பதம் என்று கணக்கிடுகிறது. காலநிலை மாதிரிகளில் ஒரு கட்டத்தின் பக்கம் சுமார் 100 கிலோமீட்டர். அதற்குள் நூற்றுக்கணக்கான மேகங்கள் எழுந்து மறையலாம். எதுவும் தனியாகத் தெரியாது.

அவற்றை விட்டுவிடவும் முடியாது. நீராவி துளியாகும்போது வெளிப்படும் வெப்பம்தான் வெப்பமண்டலக் காற்றோட்டத்தை இயக்குகிறது. ஆகவே மேகங்களின் மொத்த விளைவைக் கட்டத்தின் சராசரி நிலையிலிருந்து ஊகித்துச் சேர்க்கிறார்கள். 1974-இல் அகியோ அரகாவாவும் வேய்ன் ஷூபர்ட்டும் இதற்கு ஓர் அழகான கருத்தைத் தந்தார்கள்: வளிமண்டலம் எந்த வேகத்தில் நிலைகுலைகிறதோ, ஏறக்குறைய அதே வேகத்தில் மேகங்கள் அதைச் சமன்செய்கின்றன.

சிக்கலும் இங்கேதான். வெயில் ஏறியதும் பல மாதிரிகள் நண்பகலிலேயே மழையைக் கொட்டிவிடும். உண்மையில் மேகம் சுற்றியுள்ள வறண்ட காற்றோடு கலந்து, கரைந்து, மறுபடி எழுந்து, பெரும்பாலும் மாலையில்தான் இடிமேகமாகிறது. 2013-இல் ஐரோப்பிய வானிலை மையம் தன் கணக்கீட்டைத் திருத்தி இந்தப் பிழையை வெகுவாகக் குறைத்தது. என் கணிப்பில் இது பெரிய சாதனை. கட்டத்தை 2, 3 கிலோமீட்டராகச் சுருக்கினால் பெரிய இடிமேகங்களை நேரடியாகவே கணக்கிடலாம். ஆனால் கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கும் ஒவ்வொரு முறையும் கணினியின் வேலை சுமார் எட்டு மடங்காகிறது. அப்போதும் சிறு மேகங்களுக்கு ஊகம்தான்.