பரணிலிருந்து இறங்கிய மடிக்கணினிக்கு ஒரு கெர்னல்

பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குப் போகும் சாலையின் புழுதி இரவும் பகலும் வந்து படிகிற சென்னீர்குப்பத்து வீட்டுப் பரணில், பழைய பஞ்சாங்கங்களுக்கும் இறக்கை ஒடிந்த மின்விசிறிக்கும் நடுவே பல வருஷம் உறங்கிய ஒரு மடிக்கணினியைச் சென்ற தை மாதம் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது கீழே இறக்கினேன். 2011-ஆம் வருஷம் செப்டம்பர் 15-ஆம் தேதி, அண்ணா பிறந்த நாளன்று, தமிழக அரசு ஆரம்பித்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் என் தங்கையின் மகள் பிளஸ் டூ படிக்கையில் பெற்றது அது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்து பள்ளிகளுக்கு அனுப்பிய அந்த யந்திரங்களில், விண்டோஸோடு கூட, டெபியனை ஆதாரமாகக் கொண்டு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் இருந்தது. வாங்கியவர்களில் அநேகர் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம். இரண்டு ஜி.பி. ராமும், சுழலும் ஹார்ட் டிஸ்க்கும், உயிர் போன பேட்டரியும் கொண்ட அந்தக் கிழ யந்திரத்தைப் பக்கத்து வீட்டுப் பையனின் படிப்புக்கு உபயோகமாக்கலாமே என்று முனைந்தபோது நான் கற்றுக்கொண்ட கிரமத்தை, அதே போன்ற ஒன்றைப் பரணில் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

கெர்னல் என்பது, நாம் திரையில் காணும் சகல காரியங்களுக்கும் அடியில் இருந்துகொண்டு, பிராசசருக்கும் ராமுக்கும் டிஸ்க்குக்கும் வைஃபைக்கும் வேலை பகிர்ந்து கொடுக்கும் மூலப் புரோகிராம். டெபியன் போன்ற விநியோகங்கள் தரும் கெர்னல், உலகத்திலுள்ள எந்த யந்திரத்தில் ஏற்றினாலும் ஓட வேண்டும் என்ற உத்தேசத்தோடு ஆயிரக்கணக்கான டிரைவர் மாட்யூல்களைச் சுமந்து வருகிறது. அவற்றில் நம் மடிக்கணினி தொடுவது நூறு சொச்சம்தான். ஆனால் ஒன்றை இப்போதே சொல்லிவிடுவது நேர்மை. உபயோகப்படாத மாட்யூல்கள் டிஸ்க்கில் தூங்குமே தவிர ராமில் ஏறுவதில்லையாதலால், அவற்றை நீக்கியதும் யந்திரம் குதிரை போல் ஓடும் என்று எவரும் எதிர்பார்க்க வேண்டாம். வேகம் வேண்டுமானால், ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு எஸ்.எஸ்.டி.யும் இன்னொரு ராம் பட்டையும் வாங்கி மாட்டுவதும், எக்ஸ்எஃப்சிஇ போன்ற எளிய டெஸ்க்டாப்பை நிறுவுவதும்தான் முதல் வைத்தியம். கெர்னலைத் திருத்துவதால் சில பத்து எம்.பி. ராம் மிஞ்சும், துவக்கம் சில விநாடி குறையும், குறைந்த ராமைச் சிக்கனமாக ஆளும் ஏற்பாடுகள் கைவசமாகும். இவற்றைக் காட்டிலும், தன் யந்திரத்துக்குள் என்ன இருக்கிறது என்று உடையவனுக்கே தெரியவரும்.

கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் ஒலிப்படி தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துக்களில், இடைவெளி சொன்ன இடத்தில் மாத்திரம் இடைவெளி விட்டுத் தட்ட வேண்டும்.

முதல் வேலை ஸ்க்ரூ டிரைவரோடு ஆரம்பிக்கிறது. கெர்னலைக் கம்பைல் செய்கையில் பிராசசர் மணிக்கணக்கில் முழுமூச்சாய் உழைக்கும். நம் பக்கத்துப் புழுதி விசிறியின் இடுக்கில் கம்பளி போல் அடைந்திருந்தால், யந்திரம் பாதியில் சூடேறித் தானாக அணைந்துவிடும். ஆகவே பின்மூடியைக் கழற்றி, விசிறியைத் தூரிகையால் சுத்தம் செய்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்டைத் துடைத்துப் புதிதாக ஒரு பொட்டு வைத்து மூட வேண்டும். கத்திரி வெயிலில் இந்தக் காரியத்தைத் தொடங்காதிருப்பது உத்தமம். தொடங்கினால் விடியற்காலையில் தொடங்கலாம்.

அடுத்து ஜாதகம் பார்ப்பது. 'எல்எஸ்சிபியு' என்ற கட்டளை பிராசசரின் பெயரையும், அது 32-பிட்டா 64-பிட்டா என்பதையும் சொல்லும். 2011-க்குப் பிந்திய மடிக்கணினிகள் பெரும்பாலும் 64-பிட் ஆனவையே. அதற்கும் முந்திய பென்டியம் 4 அல்லது ஆரம்பகால ஆட்டம் யந்திரமாயின் விஷயம் சற்றுச் சிக்கல்: 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13, பழைய 32-பிட் யந்திரங்களுக்குக் கெர்னலும் நிறுவியும் தருவதை நிறுத்திவிட்டபடியால், அவற்றுக்கு டெபியன் 12-ஐ வைத்துக்கொள்ள வேண்டும்; அதன் ஆதரவு முடிந்த பிறகு கெர்னலைத் தாமே கட்டிக்கொள்வது பொழுதுபோக்காக இல்லாமல் அவசியமாகவே ஆகிவிடும். அதன் பிறகு 'எல்எஸ்பிசிஐ -என்என்கே' என்று தட்டினால், ஒவ்வொரு சாதனத்தின் பெயரும் அதை ஓட்டும் டிரைவரின் பெயரும் ஜோடி ஜோடியாக வரும். இதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் கையால் எழுதிவைக்கச் சொல்லுவேன். திரை இருண்டுபோன சமயத்தில் அந்தக் காகிதம்தான் வழி சொல்லும்.

மூன்றாவதாக, மாட்யூல்களின் ஜாபிதாவைச் சேகரிக்க வேண்டும். இந்த இடத்தில்தான் நான் அவசரப்பட்டு அடி வாங்கினேன். ஆகையால் விஸ்தாரமாகச் சொல்லுகிறேன். கெர்னல் மூலத்தில் 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' என்றொரு அருமையான வசதி இருக்கிறது. ஸ்டீவன் ராஸ்டெட் என்பவர் எழுதியது; 2009-இல் 2.6.32-ஆம் பதிப்பில் சேர்ந்தது. அந்தக் கணத்தில் யந்திரத்தில் ஏறியிருக்கும் மாட்யூல்களை மாத்திரம் வைத்துக்கொண்டு மற்றவற்றையெல்லாம் அது நீக்கிவிடும். ஆனால் 'அந்தக் கணத்தில்' என்ற சொல்லில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. நான் அதை ஓட்டியபோது செல்போன் யுஎஸ்பியில் செருகப்படாமல் மேஜை மேல் கிடந்தது. புதுக் கெர்னல் நிறுவி இரண்டு வாரம் கழித்து, மழையில் தெருக் கம்பி அறுந்து பிராட்பேண்ட் போன அன்று, போனிலிருந்து இண்டர்நெட் எடுக்கலாம் என்று செருகினால், யந்திரம் அதைக் கண்டுகொள்ளவேயில்லை. போனை நெட்வொர்க் சாதனமாக ஏற்கும் டிரைவரை நானே என் கையால் நீக்கியிருந்தேன்.

எனவே ஒரு வாரம் பொறுங்கள். பென் டிரைவ், பிரிண்டர், காமிரா, ஹெட்போன், புரொஜெக்டர், செல்போன் என்று வீட்டில் எந்தெந்தச் சாதனம் என்றேனும் செருகப்படுமோ அதையெல்லாம் ஒவ்வொன்றாகச் செருகி, விண்டோஸ் பிரிவையும் ஒரு தடவை திறந்து பார்த்து, ஒவ்வொரு தடவையும் 'எல்எஸ்மாட்' கட்டளையின் விடையை, இரண்டு வலப்பக்க அம்புக்குறி போட்டு, ஒரே கோப்பின் அடியில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தாலும் பாதகமில்லை. பின்னால் லோக்கல்மாட்கான்ஃபிக்கை ஓட்டும்போது, அந்த வரியிலேயே 'எல்எஸ்மாட்' என்று பெரிய எழுத்தில் தட்டி, சமக்குறியிட்டு, அந்தக் கோப்பின் முழு விலாசத்தைக் கொடுத்தால், ஒரு கணத்தின் நிலைக்குப் பதிலாக ஒரு வாரத்தின் பழக்கத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

இனி மூலத்தை இறக்குவது. கெர்னல் டாட் ஆர்க் தலத்தில் 'லாங்டெர்ம்' என்று குறித்த பதிப்பையே எடுக்க வேண்டும். நான் எடுத்தது 6.12. சுருக்கிய கோப்பு ஏறக்குறைய 150 எம்.பி. கூடவே இருக்கும் கையொப்பக் கோப்பையும் இறக்கிச் சரிபார்ப்பது நல்லது. அந்தக் கையொப்பம் சுருக்கிய கோப்புக்கு அன்று, விரித்த டார் கோப்புக்கே உரியது என்பதை அறியாமல், 'பொருந்தவில்லை' என்ற விடையைக் கண்டு பயப்படுவோர் உண்டு. கட்டுவதற்கு வேண்டிய கருவிகளான பில்டு-எசென்ஷியல், பைசன், ஃப்ளெக்ஸ், பிசி, ஆர்சிங்க், டெப்ஹெல்பர், மற்றும் என்கர்சஸ், எஸ்எஸ்எல், எல்ஃப் ஆகியவற்றின் டெவ் பொட்டலங்களை ஆப்ட் மூலமாக நிறுவிக்கொள்ளலாம்.

மூலத்தை விரித்த கோப்புறைக்குள் போய், 'பூட்' கோப்புறையில் இப்போது ஓடும் கெர்னலின் கான்ஃபிக் கோப்பைப் பிரதியெடுத்து, 'புள்ளி கான்ஃபிக்' என்று பெயரிட்டு வைத்து, 'மேக் ஓல்டுடெஃப்கான்ஃபிக்', அதன்பின் மேலே சொன்ன லோக்கல்மாட்கான்ஃபிக் என்று வரிசையாக ஓட்ட வேண்டும். இடையில் கேள்வி கேட்டால் என்டர் தட்டினால் போதும். வெறுமையிலிருந்து ஆரம்பித்துத் தாமே எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கும் வீரம் முதல் தடவைக்கு வேண்டாம்.

பிறகு 'மேக் மெனுகான்ஃபிக்'. நீல நிறப் பட்டியல் ஒன்று விரியும். சாய்கோட்டை அழுத்தினால் பெயர் கொண்டு தேடலாம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கடைசல் பட்டறையில் ஆயுளைக் கழித்தவன் நான். ஒரு லேத்தில் எந்தத் திருகைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்பதைக் கற்கவே வருஷங்கள் ஆகும். இதுவும் அப்படித்தான். தொடத் தகுந்தவை சில. பொதுப் பகுதியில் 'லோக்கல் வெர்ஷன்' என்ற இடத்தில் ஊர்ப் பெயரோ வேறு அடையாளமோ இடுங்கள், பழைய கெர்னலோடு குழம்பாதிருக்கும். டீபக் தகவல் சேர்ப்பதை அணைக்காவிட்டால், கட்டும்போது டிஸ்க்கில் பல ஜி.பி. வீணாய் நிரம்பும். பிராசசர் எண்ணிக்கையின் உச்சவரம்பை 4 ஆக்கலாம். மற்ற யந்திரங்களைத் தன்னுள் ஓட்டும் கேவிஎம், ஸென் முதலியன இரண்டு ஜி.பி. ராமில் யாருக்கும் பிரயோஜனப்படா. பிராசசர் குடும்பத்தைக் 'கோர் 2' என்று குறிப்பதில் கிடைக்கும் லாபம் சொற்பம்; செய்தாலும் சரி, விட்டாலும் சரி.

சேர்க்க வேண்டியவைதாம் முக்கியம். 'ஸெட்ராம்' என்பது ராமின் ஒரு பாகத்திலேயே பக்கங்களைச் சுருக்கி வைத்து, மெதுவான ஹார்ட் டிஸ்க்கை ஸ்வாப்புக்காக நாடாமல் காப்பது. அதை மாட்யூலாகவேனும் வையுங்கள். ராம் நெருக்கடியில் எந்தப் பக்கத்தை வெளியேற்றுவது என்பதைப் புதிய முறையில் தீர்மானிக்கும் 'மல்டி-ஜென் எல்ஆர்யு' 6.1-ஆம் பதிப்பில் வந்தது. அதையும், அது துவக்கத்திலேயே இயங்கும்படி அமைக்கும் துணைத் தெரிவையும் ஆன் செய்க. பத்துத் தாவல் திறந்த பிரௌசர் இந்தக் கிழ யந்திரத்தில் மூச்சு விடுவது பெரும்பாலும் இவ்விரண்டால்தான்.

டிஸ்க்கின் ஏஎச்சிஐ டிரைவரையும் எக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்தையும் மாட்யூலாக விடாமல் கெர்னலுக்குள்ளேயே பதித்துவிடலாம். திரையின் டிரைவரை, விசேஷமாக ரேடியானை, அவ்விதம் பதிக்கக் கூடாது. அதற்கு வேண்டிய ஃபர்ம்வேர் டிஸ்க்கில் இருக்க, டிஸ்க் திறக்கும் முன்பே டிரைவர் அதைத் தேடி, காணாமல், திரையை இருட்டாக்கிவிடும்.

தொடவே கூடாதவை இரண்டு. 2018 ஜனவரியில் வெளிப்பட்ட மெல்ட்டவுன் முதலிய பிராசசர் குறைகளுக்கான தற்காப்புகளை அணைத்தால் வேகம் கூடும் என்று உபதேசிப்பவர்கள் இருக்கிறார்கள். கூடத்தான் கூடும், ஆனால் அந்தக் கணினியில்தான் வீட்டார் பாங்குக் கணக்கைத் திறப்பார்கள். மற்றது ஐபிவி6. பழைய யந்திரத்துக்கு எதற்கு என்று நீக்கிவிடாதீர்கள். ஜியோ போன்ற வலைகள் அதன் மேல்தான் நடக்கின்றன.

டெபியனின் கான்ஃபிக்கைப் பிரதியெடுத்தவர்கள் கட்டத் தொடங்குமுன் ஒன்று கவனிக்க: 'சிஸ்டம் டிரஸ்டட் கீஸ்' என்ற இடத்தில் ஒரு சான்றிதழ்க் கோப்பின் பெயர் இருந்தால் அழித்து வெறுமையாக்குங்கள். அந்தக் கோப்பு நம்மிடம் இராததால் வேலை நடுவில் நின்றுபோகும்.

கட்டும் கட்டளை 'மேக் -ஜே2 பின்டெப்-பிகேஜி'. இரண்டு ஜி.பி. ராமில் 2-க்கு மேல் போடுவது பேராசை. எனக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது. லோக்கல்மாட்கான்ஃபிக் செய்யாமல் விநியோகத்தின் முழு கான்ஃபிக்கையும் கட்டினால் இரவு முழுவதும் போகும். மின்சாரம் போய், செத்த பேட்டரியோடு யந்திரமும் அணைந்தால் மனம் தளர வேண்டாம். மறுபடி அதே கட்டளையைத் தட்டினால், முடிந்தவற்றை விட்டு மிச்சத்தையே கட்டும். வீட்டில் வேறு வலுவான கணினி இருந்தால், கான்ஃபிக் கோப்பை அதில் போட்டுக் கட்டி, விளையும் டெப் பொட்டலங்களைப் பென் டிரைவில் கொண்டுவந்துவிடலாம்.

'லினக்ஸ்-இமேஜ்' என்று தொடங்கும் பொட்டலத்தை 'டிபிகேஜி -ஐ' கொண்டு நிறுவினால், துவக்கத்தில் வரும் கிரப் பட்டியலில் புதியது தானாகச் சேரும். பழைய கெர்னலை அழிக்காதீர்கள். மறுதுவக்கம் செய்து, 'யூநேம் -ஆர்' என்று தட்டி நீங்கள் இட்ட பெயரைக் கண்ட பிறகு, 'டிமெஸ்ஜி'யில் சிவப்பாக வரும் வரிகளைப் படித்து, ஒலி, வைஃபை, மூடியை மூடித் திறத்தல், பிரகாசம் கூட்டிக் குறைத்தல் இவற்றை ஒவ்வொன்றாகப் பரீட்சை செய்யுங்கள். துவக்கத்தில் 'ரூட் எஃப்எஸ் மவுண்ட் செய்ய இயலவில்லை' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதி யந்திரம் உறைந்தால், டிஸ்க்கின் டிரைவரோ ஃபைல் சிஸ்டமோ விடுபட்டிருக்கிறது. கிரப்பின் 'அட்வான்ஸ்டு' வரியில் பழைய கெர்னலைத் தேர்ந்து உள்ளே வந்து, நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து, விட்டதைச் சேர்த்து, மறுபடி கட்ட வேண்டியதுதான்.

நம் கையால் கட்டிய கெர்னலுக்கு ஆப்ட் பாதுகாப்புத் திருத்தம் கொண்டுவராது. அந்தப் பொறுப்பு இனி உங்களுடையது. 6.12 வரிசையில் புது உட்பதிப்பு வரும்போது, குறைந்தது மாதம் ஒருமுறை, புது மூலத்தை விரித்து, உங்கள் புள்ளி கான்ஃபிக்கை அதில் வைத்து, ஓல்டுடெஃப்கான்ஃபிக் மட்டும் செய்து கட்டினால் போதும். இதற்கு நேரமில்லாதவர்கள், வெட்கப்படாமல் டெபியன் தரும் கெர்னலுக்கே திரும்பி, ஸெட்ராமை மட்டும் வைத்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டுப் பையன் யந்திரத்துக்கு மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையை நான் ஒதுக்கியிருக்கிறேன். கான்ஃபிக் கோப்பின் ஒரு பிரதி அவன் பென் டிரைவிலும், இன்னொன்று என்னிடமும் இருக்கிறது; கடைசியாகக் கட்டிய தேதியைத் துண்டுச் சீட்டில் எழுதி, மடிக்கணினியின் அடியில் ஒட்டியிருக்கிறான்.