முதலில் அறையைக் கேள்

அன்புள்ள தம்பி,

30,000 ரூபாய்க்குள் எந்த ஸ்பீக்கர் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். கூடவே பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, டைல்ஸ் தரை, ஒரு பக்கம் பெரிய கண்ணாடி ஜன்னல் என்றும் எழுதியிருக்கிறாயே, எனக்கு வேண்டிய தகவல் அதுதான். கடைக்காரர் அதைக் கேட்கவே மாட்டார். உன் காதுக்கு வந்து சேரும் ஒலியில் ஸ்பீக்கரிலிருந்து நேரே வருவது ஒரு பங்குதான். மிச்சம் சுவரிலும் தரையிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி வருவது. அதனால் பெட்டி எது என்று முடிவு செய்வதற்கு முன்னால் அதை எங்கே வைப்பது, நீ எங்கே உட்காருவது என்று முடிவு செய்.

காரணத்தைச் சொல்கிறேன். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடும். பன்னிரண்டடி என்பது ஏறக்குறைய 3.66 மீட்டர். அந்த இடைவெளிக்குள் அரை அலை கச்சிதமாகப் பொருந்தி நின்றுவிடும் ஸ்வரம் 47 ஹெர்ட்ஸ். பத்தடிக்கு அது 56 ஹெர்ட்ஸ். கூரையும் பத்தடி உயரம் என்றால் அதே 56 இன்னொரு தரம் சேர்ந்துகொள்ளும். இப்போது பேஸ் கிதாரை எடுத்துக்கொள். அதன் ஆகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸ், அடுத்தது 55. இளையராஜா பாட்டுகளில் பேஸ் கிதார் பின்னால் நின்று தாளம் போடுவதோடு நிற்காது, தனியாக ஒரு மெட்டையே பாடிக்கொண்டு போகும். அந்த மெட்டு இந்த 55 ஹெர்ட்ஸைத் தொடும்போதெல்லாம் உன் அறை கும்மென்று முழங்கும், அடுத்த ஸ்வரத்துக்கு வாயை மூடிக்கொள்ளும். வாசித்தவர் சமமாகத்தான் வாசித்திருப்பார். பாட்டை ஓடவிட்டு அறைக்குள் மெல்ல நடந்து பார்: சுவரோரம் இடிக்கிற ஸ்வரம் நட்ட நடுவில் காணாமல் போயிருக்கும். விலை உயர்ந்த பெட்டி இதைத் தீர்க்காது. அதில் பேஸ் கூடுதலாக வந்தால் முழக்கமும் கூடும், அவ்வளவுதான்.

ஆகவே பெட்டிகளைப் பத்தடிச் சுவர்ப் பக்கம் வை, ஆனால் மூலையில் தள்ளாதே. மூலை பேஸை ஊதிப் பெருக்கும். பின்சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னே இழு, பக்கச் சுவர்களிலிருந்து இரண்டிரண்டு அடி விடு. இரண்டு பெட்டிக்கும் நடுவே ஆறடி இருக்கும். எதிர்ச்சுவரிலிருந்து நான்கடி தள்ளி நாற்காலியைப் போட்டால் மூன்று முனையும் கிட்டத்தட்ட சமபக்க முக்கோணமாகிவிடும். பெட்டிகளை ஸ்டாண்டில் ஏற்றி, கீச்சென்ற ஓசையைத் தரும் ட்வீட்டர் உன் காது மட்டத்தில் இருக்கும்படி வை. பிறகு நீ உட்கார்ந்துகொண்டு, ஒருவரை முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கச் சுவரோடு நகர்த்தச் சொல். எந்த இடத்தில் கண்ணாடிக்குள் ஸ்பீக்கர் தெரிகிறதோ அங்கே பட்டுத்தான் ஒலி உன்னிடம் திரும்புகிறது. அங்கே புத்தக அலமாரியையோ கனத்த திரையையோ வை. கண்ணாடி ஜன்னலுக்கும் திரை, தரைக்குத் தடித்த விரிப்பு. சுவரில் ஒட்டும் மெல்லிய ஃபோம் கீச்சென்ற ஓசையைத்தான் தின்னும். 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளமே 3.4 மீட்டர், ஒரு அங்குல ஃபோம் அதை என்ன செய்யும்?

கடையில் கேட்டபோது ஒரு பெட்டி தூக்கலாக இருந்ததே என்பாய். பெட்டிக்குப் பெட்டி தரம் வேறுதான், மறுக்கவில்லை. ஆனால் 1994இல் ஒலி ஆய்வாளர்கள் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் ஒரே ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னே மறைத்தும் கண்ணுக்குத் தெரியவைத்தும் நடத்திய சோதனையைப் பார். பெட்டி தெரிந்ததும் மதிப்பெண்கள் மாறின. அதைவிட முக்கியம், மறைத்திருந்தபோது இடத்தை மாற்றினால் வித்தியாசம் சொன்ன காதுகள், பெட்டியைக் கண்ணால் பார்த்ததும் அதைக் கவனிக்காமல் விட்டன. வாட் கணக்கும் இப்படிக் கண்ணை மயக்குவதுதான். 20 வாட்டை 40 ஆக்கினால் கிடைப்பது வெறும் 3 டெசிபல். அட்டைப்பெட்டியில் ஆயிரக்கணக்கில் அச்சடிக்கும் பிஎம்பிஓ என்ற வாட் எண்ணுக்கு எந்த அளவுகோலும் கிடையாது. அதைப் படிக்காமலே தாண்டிப் போ.

வாடகை வீடு, நடுக்கூடத்தில் பெட்டி நின்றால் அம்மா திட்டுவார் என்ற தடை நியாயமானது. நான் சொன்னவற்றில் ஆணி அடிக்கும் வேலை திரைக்கு மட்டும்தான். கேட்காத நேரத்தில் ஸ்டாண்டோடு பின்னே தள்ளிவிடலாம், தரையில் டேப்பால் இடத்தைக் குறித்துவை. ஹெட்போன் போதாதா என்றால், இரவுக்கு அதுதான் சரி. குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 மணி முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் வரம்பு என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. பேஸ் கான்கிரீட்டைத் தாண்டிப் போய்விடும் என்பது கீழ்வீட்டுக்காரருக்கு விதி படிக்காமலே தெரியும். ஆனால் பகலில், பாடகர் எதிரே நிற்பதுபோல் கேட்க வேண்டுமானால் ஹெட்போன் உதவாது. அதில் பாட்டு பெரும்பாலும் தலைக்குள்ளேயேதான் ஒலிக்கும்.

ஆக, ஐந்து அங்குல வூஃபர் கொண்ட புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, 30 அல்லது 40 வாட் ஆம்ப், ஸ்பீக்கருக்கு வீட்டு வயரிங்குக்குப் போடும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர். மூன்று மீட்டர் தூரத்துக்கு அதுவே தாராளம். மிச்சப் பணத்தில் திரைத்துணி வாங்கு. சப்வூஃபர் பேச்சைக் கீழ்வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்தபின் எடுக்கலாம்.

அன்புடன்,
அண்ணன்