மானியமும் அமையச் செலவும்

மாணவர்களே, கடன் திருப்பிச் செலுத்தப்பட வேண்டியது, மானியம் அவ்வாறன்று. எனினும் மானியத்துக்கும் நிபந்தனை உண்டு.

உதாரணம்: ஐக்கிய அமெரிக்காவின் பிட்மன்-ரொபர்ட்சன் சட்டம் (1937). நீள்துப்பாக்கி, தோட்டா என்பவற்றின் மீது 11%, கைத்துப்பாக்கி மீது 10% என உற்பத்தியாளரிடமும் இறக்குமதியாளரிடமும் வரி அறவிடப்படுகிறது. அது வனசீவராசிகள் பாதுகாப்புக்கும் பொதுச் சூட்டுப் பயிற்சிக் களங்களுக்கும் மாநிலங்களுக்கு மானியமாகிறது.

களம் அமைக்க மாநிலம் இடவேண்டிய பங்கு முன்னர் 25%. 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் 10% போதும்.

10 இலட்சம் டொலர் களமொன்றுக்கு:
முன்னர் மாநிலப் பங்கு – 2.5 இலட்சம்
பின்னர் – 1 இலட்சம்

கவனிக்க: வனசீவராசிகளுக்கான பணம் களத்துக்குச் சென்றால் அவற்றின் வாழிடத்துக்கு அது கிடைக்காது. இதுவே அமையச் செலவு. பங்கை மட்டும் கணித்து விடையை முடித்துவிடாதீர்கள், இழப்பையும் எழுதுங்கள்.