லயத்தில் தனித்திருத்தல்

வீட்டிலேயே இருங்கள், நோய்க்குறி கண்டவரைத் தனி அறையில் வையுங்கள், ஆளுக்கு ஆள் ஒரு மீற்றர் விலகி நில்லுங்கள் என்று 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் தொடங்கி வானொலியும் தொலைக்காட்சியும் ஓயாமல் சொல்லிவந்த உபதேசங்களில் குற்றம் காண்பதற்கு ஒன்றுமில்லை. ஆயினும் அவை அறைகள் பல உள்ள ஒரு வீட்டை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை, அத்தகைய வீடோ அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டங்களில் வெகு சிலருக்கே வாய்த்திருக்கிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடியாக வெள்ளைக்காரர் காலத்தில் அளந்து லய வரிசையில் கட்டிய ஒரு காம்பராவும், முன்னால் ஓர் இஸ்தோப்பும், பின்னால் தகரம் இறக்கிய குசினியுமாக, அதற்குள்ளே பாட்டி முதல் பேரப்பிள்ளை வரை ஆறேழு பேர் படுத்தெழும் குடும்பத்தில் நோயாளியை எங்கே தனியாக வைப்பது? அடுத்த காம்பராவில் ஒருவர் இருமினால் இந்தக் காம்பராவில் உறங்கும் குழந்தை விழித்துக்கொள்ளும். இந்தத் தோட்டங்களில் பிறந்து, இங்கேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், கொரோனாவின் அந்த இரண்டு ஆண்டுகளில் லயங்களில் எது பயன்பட்டது, எது பயன்படவில்லை என்பதை எழுதி வைப்பது என் கடமை என்று கருதுகிறேன். இத்தகைய வியாதி மறுபடியும் வராது என்று எந்த வைத்தியரும் நமக்கு உறுதி கூறவில்லை.

மார்ச் 20ஆம் திகதி நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. ஆனால் தேயிலைக்கு விலக்கு அளிக்கப்பட்டபடியால், நகரங்களில் கடையும் கந்தோரும் மூடிக் கிடந்த நாட்களிலும் நம் பெண்கள் விடிந்ததும் கூடையை மாட்டிக்கொண்டு மலை ஏறினார்கள். அன்றைய அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபா. வேலை இருந்ததே என்ற ஆறுதல் ஒரு பக்கம், ஊரெல்லாம் பாதுகாப்பாக வீட்டில் இருக்க நாம் மாத்திரம் ஏன் போகவேண்டும் என்ற மனக்குறை மறுபக்கம். இரண்டிலும் நியாயம் உண்டு என்பதே என் அபிப்பிராயம்.

முகக்கவசத்தைப் பற்றிய வாக்குவாதம் அப்போதே தொடங்கிவிட்டது. மலையிலும் அதைக் கழற்றக் கூடாது என்று கங்காணிமார் சொன்னார்கள். செங்குத்தான சரிவில் பனிப்புகைக்குள் நிரை பிடித்து ஏறுகிற பெண்ணுக்கோ அரை மணி நேரத்தில் அந்தத் துணி மூச்சாலும் தூறலாலும் நனைந்து, மூக்கோடு ஒட்டிக்கொண்டு, மூச்சை அடைத்தது. ஆளுக்கு ஒரு நிரையாகத் திறந்த மலையில் தள்ளித் தள்ளி நிற்கும் வேளையில் அபாயம் சிறிது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில், கூடையைக் கவிழ்த்துத் தராசைப் பார்ப்பதற்காக எல்லாரும் தோளோடு தோள் நெருக்கும் அந்தக் கால்மணி நேரத்தில்தான் அபாயம் பெரிது. ஆகையால் உலர்ந்த கவசம் ஒன்றைப் பொலித்தீனில் சுற்றி இடுப்புப் படங்குக்குள் செருகிக்கொண்டு போய், மடுவத்திலும் லொறியிலும் அதை அணிந்துகொள்ளுங்கள் என்று நான் சொன்னதை அனேகர் ஏற்றுக்கொண்டார்கள். நிறுவையை ஒரே நேரத்தில் வைக்காமல் மலைவாரியாகப் பிரித்து வைத்த இடங்களில் வாக்குவாதமே எழவில்லை.

ஆனால் லயத்தையே இரண்டாகப் பிளந்த தகராறு வேறு. 2020 ஒக்டோபரில் மினுவாங்கொடையிலும் பேலியகொடை மீன் சந்தையிலும் தொற்றுப் பெருகி, மேல் மாகாணத்தில் ஊரடங்கு வரப்போகிறது என்ற செய்தி பரவியதும், கொழும்புக் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வீடுகளிலும் வேலை செய்த நம் பிள்ளைகள் கிடைத்த வண்டியில் ஏறி வந்து சேர்ந்தார்கள். நவம்பர் 14 தீபாவளி. வருஷம் முழுவதும் அந்த நாளுக்காகவே உழைக்கிற பிள்ளைகள் அவர்கள். வந்த மறுநாளே லயத்தார் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் சண்டை மூண்டது.

“வந்த புள்ளய எங்க போகச் சொல்றது சேர்? பெத்த வீட்டுக்குத்தானே வரும்?” என்றாள் ஒரு தாய். “ஒங்க புள்ள வரட்டும் அக்கா, வேணாம்னு நாங்க சொல்லல. எங்க காம்பராவுல ஒம்பது மாசப் புள்ள கெடக்கு. அவரு பீலிக்கு வரவேணாம்னுதான் சொல்றோம்” என்றாள் அடுத்த காம்பராப் பெண். இந்த இருவரில் எவரைப் பிழை சொல்வது? இருவரும் தம் பிள்ளைக்காகவே பேசினார்கள்.

பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து, அந்த வீட்டாரைப் பதினான்கு நாள் வெளியே வரக்கூடாது என்று கட்டளையிட்டுக் கதவில் அறிவித்தலை ஒட்டிவிட்டுப் போனார். அவர் செய்தது அவருடைய கடமை. ஆனால் அந்தக் காகிதம் ஒட்டிய கணம் முதல் அந்த வீடு குற்றவாளியின் வீடாக ஆகிவிட்டதைக் கண்டு நான் மிகுந்த வேதனை அடைந்தேன். அம்மை போட்ட வீட்டுக்கு நம் முன்னோர் செய்ததை எண்ணிப் பார்த்தேன். வேம்பு வளராத இந்தக் குளிர்நாட்டில், கீழ்நாட்டிலிருந்து வருவித்தாவது நிலைப்படியில் வேப்பிலை செருகுவார்கள். ஆத்தா வந்திருக்கிறாள் என்று குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். அயலார் உள்ளே நுழையமாட்டார்கள், ஆயினும் இளநீரும் ஆகாரமும் வாசல்வரை வந்துகொண்டே இருக்கும். அங்கும் விலகியிருத்தல் உண்டு, அடையாளம் உண்டு; அவமானம் மாத்திரம் இல்லை. கிருமியைப் பற்றிய அறிவு நமக்கு இன்று கூடுதலாக வந்திருக்கிறது, அந்த மரியாதையை இழப்பதற்கு அது காரணமாகக் கூடாது.

தோட்டத் தலைவரும், மாதர் சங்கத் தலைவியும், நானும் இருபுறமும் பேசிச் செய்த ஏற்பாட்டை விவரமாகவே சொல்கிறேன், வேறெங்காவது பயன்படக்கூடும். பூட்டிக் கிடந்த வாசிகசாலையைக் கழுவி, பரிசோதகரிடம் சொல்லி அனுமதி பெற்று, கொழும்பிலிருந்து வந்த இளைஞர்களை அங்கே படுக்கவைத்தோம். அறிவித்தல் ஒட்டிய வீடுகளுக்குத் தண்ணீர் கொண்டுபோக ஒரே ஒரு குடும்பத்தை நியமித்தோம். பலர் பரிதாபப்பட்டு மாறி மாறிப் போவதைவிட ஒருவரே போவது நல்லது. வாளியை இஸ்தோப்பின் ஓரத்தில் வைத்துவிட்டுக் கூப்பிட்டு, அவர் விலகிய பின்பே வீட்டார் எடுக்கவேண்டும். பொதுக் கக்கூஸ்களில் ஒன்றை அவர்களுக்கென்று ஒதுக்கி, மற்றொன்றை ஏனையோர் பகிர்ந்துகொண்டார்கள். சிரமந்தான், ஆனால் இந்த ஒன்றைச் செய்யாமல் மற்ற யாவும் வீண். தனிமைப்படுத்தப்பட்ட குடும்பங்களுக்கு அரசாங்கம் அறிவித்த 10,000 ரூபா பெறுமதியான உலருணவு வந்து சேரச் சுணங்கியபடியால், அதுவரை வீட்டுக்கொரு சுண்டு அரிசியாகச் சேர்த்துக் கொடுத்தோம். முதலில் அரிசி கொண்டுவந்தவள் அந்த ஒன்பது மாதக் குழந்தையின் தாய்.

நம்மவர்களுக்கு மறித்துவைக்கப்படுதல் புதிய அனுபவமும் அன்று. தமிழகத்திலிருந்து இங்கே வந்த நம் பாட்டன் பூட்டன்மாரை மண்டபம் முகாமில் நிறுத்தி, காலராவும் வைசூரியும் உண்டா என்று பார்த்து, சில நாள் காத்திருக்க வைத்த பின்பே கப்பல் ஏற்றினார்கள். யார் யாரோ நம்மை மறித்தார்கள்; நம்மை நாமே முறையாகப் பாதுகாத்துக்கொள்ளும் வழியை ஒருவரும் கற்பிக்கவில்லை.

இருமலை மறைத்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களைப் பொறுப்பற்றவர்கள் என்று படித்தவர்கள் ஏசினார்கள். மறைத்ததன் காரணம் பேர் போய்விடும் என்ற பயமே. வேலைக்கு இறங்காத நாளுக்குப் பேர் இல்லை, பேர் இல்லாவிட்டால் சம்பளம் இல்லை, மாதமுடிவில் கடைக்கணக்கு தீராது. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபாவாக வர்த்தமானியில் வெளியானதன் பின் கொழுந்து அளவில் கண்டிப்பு பல தோட்டங்களில் மிகுந்தது. அத்தோடு அந்தப் பயமும் மிகுந்தது. அதே ஆண்டு தடுப்பூசி தோட்டங்களுக்கு வந்தபோதும் இதுவே நடந்தது. ஊசி போட்டால் பிள்ளை பிறக்காது என்றும், இரண்டு வருஷத்தில் சாவு என்றும் வாட்ஸ்அப்பில் வந்த பொய்களே மறுப்புக்குக் காரணம் என்று நினைத்து நான் அவற்றுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க, ஓர் அம்மாள் என்னைத் தனியாக அழைத்து, “ஊசி போட்டா மறுநா காய்ச்சலாமே சேர், ரெண்டு பேரு போச்சுன்னா யாரு தருவா?” என்று கேட்டார். அதன் பிறகு, ஓய்வு நாளுக்கு முந்திய தினத்தில் போடுங்கள், ஒரே வீட்டில் எல்லாரும் ஒருமிக்கப் போடாமல் பாதிப் பாதியாகப் போடுங்கள் என்று சொன்னேன். மறுத்தவர்களில் பெரும்பாலோர் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் வேண்டாம் என்று சொல்லும்போது அவர் வாயில் வருகிற காரணத்தோடு வாதாடுவதை நிறுத்தி, வீட்டுக் கணக்கை விசாரியுங்கள். 2020 டிசம்பரில் கேகாலையில் ஒருவர் இந்த நோய்க்கு மருந்தென்று காய்ச்சிய பாணியை வாங்க ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து நின்றதை எண்ணினால், பயந்த மனத்துக்குப் படித்தவர், படியாதவர் என்ற பேதம் இல்லை என்பதும் தெரியும்.

பள்ளிக்கூட விஷயத்தில் சொல்வதற்கு அதிகமில்லை. சிக்னல் தேடிப் பிள்ளைகள் மலையுச்சியில் ஏறி நின்றார்கள். வீட்டுக்கு ஒரு போன்கூட இல்லாத இடத்தில் இணையவழிக் கல்வி என்பது பெயரளவில் நின்றது. பாடத்தை அச்சிட்டுத் தேங்காய் வாங்கும் கடையில் கொடுத்துவைத்து, விடைத்தாளை அங்கேயே வாங்கிக்கொண்ட ஆசிரியர்களே பயன் கண்டார்கள்.

மரணங்கள் தந்த துயரம் வேறு வகையானது. 2020 ஏப்ரலில், தொற்றால் இறந்தவர்களை எரிக்கவே வேண்டும் என்று வர்த்தமானி வந்தது; 2021 பெப்ரவரி முடிவில்தான் புதைக்க அனுமதி கிடைத்தது. அந்த மாதங்களில் முஸ்லிம் குடும்பங்கள் அனுபவித்த வேதனையை நாடறியும். தேயிலை மலையோரத்து மண்ணில் தம்மவரைப் புதைத்து வந்த நம் குடும்பங்களிலும் அந்தத் துக்கம் ஆறவில்லை. முகம் பார்க்காமல் போனவருக்காகப் பிற்பாடு லயம் கூடி ஒருநாள் விளக்கேற்றி, பெயர் சொல்லி அழ இடம் கொடுங்கள். காலம் கடந்துவிட்டது என்று எண்ணவேண்டாம்.

நாடு முழுவதிலும் 16,000க்கு மேற்பட்டோரை இழந்தோம். தோட்ட நிருவாகங்களுக்கும், பிரதேச சபைக்கும், தொழிற்சங்கங்களுக்கும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே: எல்லாருக்கும் தனிவீடு வரும் நாள்வரை காத்திராமல், ஒவ்வொரு டிவிஷனிலும் தண்ணீர்க் குழாயும் தனிக் கக்கூஸும் உள்ள ஓர் அறையை நோயாளிக்கென்று இப்போதே ஒதுக்கி, அதன் சாவியைத் தோட்டத் தலைவரிடம் ஒன்றும் மாதர் சங்கத் தலைவியிடம் ஒன்றுமாகக் கொடுத்து வையுங்கள்; அங்கே படுக்கிற நாட்களுக்குப் பேர் உண்டு என்று எழுத்தில் எழுதிக் கையொப்பமிடுங்கள்.